‘பண்ணு’வைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்: ஓர் ஆங்கிலச் சொல் பெயரா, வினையா?

“வீ ரெக்வெஸ்ட் ஃபார் எக்ஸ்டென்ஷன் ஆஃப் டெலிவரி டேட்.”

என் மொட்டைமாடி ஆங்கில வகுப்புக்கு வரும் பையன் ஒருவன் போன மாதம் கைப்பேசியில் இந்த வரியைக் காட்டினான். கரூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டில் வாங்குபவரோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பவன். சமையலறைத் துண்டும் ஏப்ரனும் ஜெர்மனிக்குப் போக வேண்டும், சாயம் போட்டு வருவதில் தாமதம், பத்து நாள் அவகாசம் கேட்கிறான். “அக்கா, இதுல என்னங்க தப்பு? மேனேஜர் கோடு போட்டுட்டார், ஏன்னு சொல்லலை.”

‘ஃபார்’ வரக்கூடாது என்றேன். அவன் விடவில்லை. “போன வாரம் ‘அவர் ரெக்வெஸ்ட் ஃபார் எக்ஸ்டென்ஷன்’னு எழுதச் சொன்னது நீங்கதானுங்க?”

ஆமாம், நான்தான். அதுவும் சரி, இதுவும் தப்பு. எப்படி என்று அவனுக்குச் சொல்லி முடிக்க இரண்டு சாயங்காலம் பிடித்தது. அந்த இரண்டு சாயங்காலத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவள் இல்லை. பி.காம்., டைப்பிங் ஹையர். 1989-ல் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதம் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது டெலக்ஸ், தட்டச்சு அடித்ததைத் தந்தி மாதிரி கம்பி வழியே அனுப்பும் இயந்திரம். அப்புறம் ஃபேக்ஸ், அப்புறம் மெயில். முதலாளி சொல்லச் சொல்ல அடிப்பேன், அவர் சிவப்புப் பேனாவால் வெட்டுவார், மறுபடி அடிப்பேன். நான் படித்த ஆங்கில இலக்கணமெல்லாம் அந்தச் சிவப்பு மையில்தான். அதனால் இங்கே வரும் உதாரணங்கள் எல்லாம் துண்டு, கன்டெய்னர், சாம்பிள் என்றுதான் இருக்கும். உங்கள் தொழில் வேறானால் உங்கள் சொற்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நோய் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். தமிழ் பேசும்போது நாம் ஆங்கிலச் சொல் எதை எடுத்தாலும் பின்னால் ஒரு ‘பண்ணு’ ஒட்டுகிறோம். ஆர்டர் பண்ணு, செக் பண்ணு, சேவ் பண்ணு, டிஸ்கஸ் பண்ணு. இதில் சேவ், டிஸ்கஸ் இரண்டும் ஆங்கிலத்தில் அசல் வினைச்சொற்கள். நமக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ‘பண்ணு’ பக்கத்தில் வந்ததும் அவை கைகட்டி நின்றுவிடுகின்றன. நேற்றா நாளையா, நானா அவர்களா என்ற சுமையை எல்லாம் ‘பண்ணு’தான் தூக்குகிறது: பண்ணினேன், பண்ணுவார்கள். இப்படிப் பேசிப் பேசி, ஆங்கிலச் சொல் என்றாலே அது ஒரு பொருளின் பெயர் என்று நம் காது பழகிவிட்டது.

இப்போது அந்தப் பையனின் வரியைப் பாருங்கள். அவன் மனதில் முதலில் ஓடியது “டைமுக்கு ரெக்வெஸ்ட் பண்றோம்” என்ற தமிழ். ‘டைமுக்கு’ என்பதில் உள்ள ‘க்கு’தான் ஆங்கிலத்தில் ‘ஃபார்’ ஆகிவிட்டது. ‘பண்றோம்’ எங்கே போனது? ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை, உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது “வீ ரெக்வெஸ்ட் ஃபார்”. அவன் கண்ணுக்கு ரெக்வெஸ்ட் இன்னும் ஒரு பெயர்ச்சொல்தான். ஆனால் ‘வீ’ என்ற சொல்லுக்கு அடுத்து நின்றவுடனே அது வினையாகிவிட்டது. அது அவனுக்குத் தெரியாது.

எனவே பாதி வேலை இதுதான். ஆங்கிலத்தில் எழுதும் முன் மனதுக்குள் ‘பண்ணு’வைக் கழற்றுங்கள். கழற்றிவிட்டு, மிச்சமிருக்கும் சொல் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

நாற்காலியைப் பார்ப்பது

ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் இருப்பது நமக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் ‘முதனிலைத் தொழிற்பெயர்’ என்று படித்திருப்பீர்கள். வினையின் பகுதியே விகுதி எதுவும் இல்லாமல் பெயராக நிற்பது. “அவனை அடி” என்றால் வினை. “ஒரு அடி விழுந்தது” என்றால் பெயர். உதை, குத்து, வெட்டு, இடி எல்லாம் அந்த வகை. ஆனால் தமிழில் நாம் குழம்புவதில்லை, ஏனென்றால் வால் காட்டிக்கொடுத்துவிடும். அடியை, அடிக்கு என்று வேற்றுமை உருபு வந்தால் பெயர். அடித்தான், அடிப்பாள் என்றால் வினை. சொல்லை எங்கே தூக்கி வைத்தாலும் வால் கூடவே வரும்.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் வால் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் ‘லவ்’ என்ற பெயர் ‘லுஃபு’, வினை ‘லுஃபியன்’. பிறகு வந்த சில நூற்றாண்டுகளில் அந்த விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. இரண்டும் ஒரே ‘லவ்’ ஆகி நின்றன. வால் போனதால் இடம்தான் அடையாளம். ஆகவே ஆங்கிலத்தில் ஒரு சொல் என்ன என்று அந்தச் சொல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

என் வகுப்பில் போர்டில் முதலில் எழுதிப்போடும் இரண்டு வரிகள்:

“தி டிலேஸ் காஸ்ட் அஸ் மணி.”
“தி காஸ்ட் டிலேஸ் அஸ்.”

முதல் வரியில் தாமதங்கள் நமக்குப் பண நஷ்டம் வைக்கின்றன. இரண்டாவதில் செலவு நம்மைத் தாமதப்படுத்துகிறது. அதே இரண்டு சொற்கள். முன்னால் நின்றது பெயர், அடுத்து நின்றது வினை. இடம் மாறியதும் வேலையும் மாறிவிட்டது. ‘டிலேஸ்’ கடைசியில் இருக்கும் எஸ் எழுத்தையும் கவனியுங்கள். முதல் வரியில் அது பன்மை. இரண்டாவது வரியில் ஒருமை எழுவாய்க்கு வரும் வினை விகுதி. எஸ்ஸை நம்பி முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

நம்ப வேண்டியது முன்னால் நிற்கும் குட்டிச் சொற்களை. ஏ, அன், தி, திஸ், மை, யுவர், எவ்ரி, அல்லது ஓர் எண் முன்னால் நின்றால் வருவது பெயர்: “யுவர் ஆர்டர்”, “த்ரீ ஆர்டர்ஸ்”. நடுவில் வேறு சொல் புகுந்தாலும் கவலையில்லை: “யுவர் லாஸ்ட் அர்ஜென்ட் ஆர்டர்”. வில், கேன், மஸ்ட், டோன்ட், ப்ளீஸ் முன்னால் நின்றால் வருவது பெரும்பாலும் வினை: “வீ வில் ஆர்டர்”, “ப்ளீஸ் ஆர்டர்”. ஐ, வீ, யூ, தே போன்றவை நேராக முன்னால் நின்றாலும் வினைதான்.

‘டு’ ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. “வீ வான்ட் டு ஆர்டர்” என்பதில் ஆர்டர் வினை. “ட்யூ டு டிலே” என்பதில் டிலே பெயர். ‘டு’ பார்த்தவுடன் வினை என்று பாய்ந்தால் “வீ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ” என்று எழுதுவீர்கள். அந்த ‘டு’ பெயரைத் தேடும் ‘டு’. அங்கே “ஹியரிங்” வர வேண்டும். இதே வரியில் “டு யுவர் ரிப்ளை” என்று போட்டுப் பாருங்கள், பொருந்துகிறதல்லவா? ‘யுவர்’ போட இடம் கொடுக்கும் ‘டு’ என்றால் அது பெயருக்கான ‘டு’. நான் இன்னும் இந்தச் சோதனையைத்தான் செய்கிறேன்.

ஒட்டுச் சொல் யாருக்குச் சொந்தம்

இப்போது ரெக்வெஸ்ட்டுக்கு வருவோம். ஆங்கிலத்தில் வினை என்றால் தன் பொருளை நேராகக் கையில் பிடித்துக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. “வீ ரெக்வெஸ்ட் அன் எக்ஸ்டென்ஷன்.” நடுவில் ‘ஃபார்’, ‘டு’ மாதிரி ஒட்டுச் சொல் ஒன்று தரகராக வேண்டாம். அதே சொல் பெயராக உட்கார்ந்தால் அதனால் எதையும் பிடிக்க முடியாது, தரகர் வைத்துத்தான் பேச வேண்டும்: “அவர் ரெக்வெஸ்ட் ஃபார் அன் எக்ஸ்டென்ஷன்.” அந்த ‘ஃபார்’ பெயருக்குச் சொந்தம். வினைக்கு அதைக் கொடுத்ததுதான் பையன் செய்த தப்பு.

அந்த ஒரு மெயிலில் மட்டும் இல்லை, ஊரே இதில் சறுக்குகிறது. “வீ ஆர்டர்ட் ஃபார் 500 பீசஸ்” என்று எழுதுகிறார்கள். 500 பீசஸை நேராக ஆர்டர் செய்யலாம், ‘ஃபார்’ வேண்டாம். “அன் ஆர்டர் ஃபார் 500 பீசஸ்” என்றால் மட்டும் ‘ஃபார்’. “ப்ளீஸ் விசிட் டு அவர் ஃபேக்டரி” என்று ஒரு கண்காட்சி அழைப்பிதழில் அச்சடித்தே கொடுத்தார்கள். “ப்ளீஸ் விசிட் அவர் ஃபேக்டரி” போதும். “யுவர் விசிட் டு அவர் ஃபேக்டரி” என்றால்தான் ‘டு’. ஆன்சர், டிமாண்ட், கான்டாக்ட், அக்சஸ், லேக் எல்லாம் இதே சாதி. “கான்டாக்ட் அஸ்”, ஆனால் “இன் கான்டாக்ட் வித் அஸ்”. “வீ லேக் டைம்”, ஆனால் “லேக் ஆஃப் டைம்”.

டிஸ்கஸ் கொஞ்சம் தனிக் கதை. அது வினை மட்டும்தான், பெயர் டிஸ்கஷன். டிஸ்கஷனுக்கு ‘அபௌட்’ உண்டு, டிஸ்கஸுக்குக் கிடையாது. “லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் தி ப்ரைஸ்” என்று எழுதாத மெர்ச்சண்டைசரை நான் இன்னும் பார்க்கவில்லை. “விலையைப் பற்றிப் பேசுவோம்” என்று தமிழ் அவ்வளவு இயல்பாகச் சொல்லும்போது ‘பற்றி’யை எப்படி விடுவது? விடத்தான் வேண்டும். மெயிலை அனுப்பும் முன் ‘டிஸ்கஸ்’ என்று தேடி, பக்கத்தில் ‘அபௌட்’ இருந்தால் அழித்துவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

இதைச் சட்டம் என்று நினைத்து எல்லாத் தரகர்களையும் துரத்திவிடாதீர்கள். ‘ரிப்ளை’ பெயரானாலும் வினையானாலும் ‘டு’ கேட்கும்: “யுவர் ரிப்ளை டு அவர் மெயில்”, “வீ ரிப்ளைட் டு யுவர் மெயில்”. ‘கமென்ட்’ இரண்டு நிலையிலும் ‘ஆன்’ கேட்கும். வகுப்பில் ‘ஃபார்’ பாடம் நடத்தின மறுநாள் ஒரு பெண் “வீ ரிப்ளைட் யுவர் மெயில்” என்று எழுதிக்கொண்டு வந்தாள். என் பாடத்தால் வந்த தப்பு அது. சந்தேகம் வந்தால் அகராதியைத் திறங்கள். ஒரு சொல்லைப் பெயர் என்ற தலைப்பில் ஒருமுறை, வினை என்ற தலைப்பில் ஒருமுறை தனித்தனியாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே உதாரண வாக்கியம் கொடுத்திருப்பார்கள். பொருளை விட்டுவிட்டு அந்த உதாரண வாக்கியங்களை மட்டும் படியுங்கள். ஒட்டுச் சொல் அங்கேதான் இருக்கும்.

‘ஆகு’ செய்யும் வேலை

‘பண்ணு’வுக்கு ஒரு தம்பி உண்டு, ‘ஆகு’. யாரோ செய்தால் கேன்சல் பண்ணினார்கள், தானாக நடந்தால் கேன்சல் ஆகிவிட்டது. இந்த ‘ஆகு’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஈஸ்’ ஆகிவிடுகிறது. “ஷிப்மென்ட் ஈஸ் டிலே.” “ஆர்டர் ஈஸ் கேன்சல்.” “சாம்பிள் ஈஸ் ரிஜெக்ட்.” தமிழ்க் காதுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆங்கிலக் காதுக்கு “ஷிப்மென்ட் என்பது தாமதம்” என்று சொன்ன மாதிரி விழும்.

இதற்கு வழி இரண்டு, இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வினையாக வைக்க வேண்டுமா, கடைசியில் ஈடி எழுத்துகளைச் சேருங்கள்: “தி ஷிப்மென்ட் ஈஸ் டிலேட்”. பெயராக வைக்க வேண்டுமா, அதற்குரிய நாற்காலியைப் போடுங்கள்: “தேர் ஈஸ் ஏ டிலே இன் தி ஷிப்மென்ட்”. இரண்டுக்கும் நடுவில் உட்கார இடமில்லை. காஸ்ட், கட், புட், செட், ஹிட் மாதிரி சில குட்டிச் சொற்கள் மட்டும் ஈடி வாங்காது, அப்படியே நிற்கும். ‘கட்டட்’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

‘ஐஎன்ஜி’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வினையைப் பெயராக்க அது ஒரு வழி. பேக்கிங், பிரின்டிங், டையிங் எல்லாம் நம் ஊரில் டீக்கடையில்கூடப் புழங்கும் பெயர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: சாயம் போடும் டையிங்குக்கு நடுவில் ஓர் ‘இ’ எழுத்து கட்டாயம் இருக்க வேண்டும். அது விட்டுப்போனால் செத்துக்கொண்டிருப்பது என்று பொருள். அந்த ‘இ’ இல்லாத போர்டு ஒன்று ஒரு பட்டறை வாசலில் பல வருஷம் தொங்கியது. உள்ளே வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது.

காதில் பிரிவது

எழுத்தில் ஒன்றாக இருந்து, சொல்லும்போது பிரியும் சொற்கள் உண்டு. வீடியோ அழைப்பில் பையரிடம், அதாவது சரக்கு வாங்குபவரிடம், நேராகப் பேசுகிறவர்களுக்கு இது தேவை. எக்ஸ்போர்ட், இம்போர்ட், ரெக்கார்ட், ப்ராஜெக்ட், கான்ட்ராக்ட், பெர்மிட், இன்க்ரீஸ், ரீஃபண்ட், ரிஜெக்ட். எல்லாம் இரண்டு அசைச் சொற்கள். பெயராக இருந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக இருந்தால் இரண்டாவது அசையில்.

தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் நமக்கு இது காதில் ஏறுவதில்லை. நான் சொல்லும் பயிற்சி: மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். “திஸ் ஈஸ் ஃபார் எக்ஸ்போர்ட்” என்னும்போது ‘எக்ஸ்’ மீது ஓங்கித் தட்டுங்கள், ‘போர்ட்’ மீது மெதுவாக. “வீ எக்ஸ்போர்ட் டவல்ஸ்” என்னும்போது ‘எக்ஸ்’ மெதுவாக, ‘போர்ட்’ ஓங்கி. ரெக்கார்டில் உயிரொலியும் சேர்ந்து மாறும். பெயர் ‘ரெக்-கர்ட்’ போல, வினை ‘ரி-கார்ட்’ போல. ரிஜெக்ட்டில் பெயர் என்றால் கழித்துப்போட்ட பீஸ், அதைச் சொல்லும்போது தொடக்கம் ‘ரீ’ என்று நீளும். பெயருக்கு முன், வினைக்குப் பின். வினை பின்னாலேயே வரும் என்று வகுப்பில் சொன்னால் யாரும் மறப்பதில்லை.

1570-ல் பீட்டர் லெவின்ஸ் என்பவர் ஓர் ஆங்கில அகராதி தொகுத்தார். அழுத்தம் இப்படி மாறும் ஜோடிகள் அதில் மூன்றுதான்: அவுட்லா, ரெபெல், ரெக்கார்ட். 1934 வாக்கில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 150 ஆகிவிட்டதாக மொழியியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது இந்தப் பழக்கம் மெல்லப் பரவிக்கொண்டே வந்திருக்கிறது. எல்லாச் சொல்லையும் அது தொடவில்லை. ரிப்போர்ட், ரெக்வெஸ்ட், டிலே, சப்போர்ட், கன்ட்ரோல் எப்போதும் பின்னால்தான் அழுத்தம். ஆர்டர், விசிட், ஆன்சர், ப்ராமிஸ் எப்போதும் முன்னால்தான். புதிதாகக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் ‘ரிப்போர்ட்’டை முன்னால் தட்டாதீர்கள்.

இன்னொரு வகை, கடைசி ஒலி மாறுவது. இதில் நான் அதிகம் பார்க்கிற தப்பு, மெயிலின் கடைசி வரியில் வரும் “ப்ளீஸ் அட்வைஸ்”. டெலக்ஸில் நேரத்துக்குக் காசு. “உங்கள் முடிவைத் தெரிவிக்கவும்” என்பதை இந்த இரண்டு சொல்லில் முடித்துவிடுவோம். இன்றும் அது மெயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது. ப்ளீஸுக்குப் பின் வருவதால் வினை. வினைக்கு எஸ் எழுத்து, ஒலி தேனீ இரைவது மாதிரி. பெயருக்குச் சி எழுத்து, ஒலி பாம்பு சீறுவது மாதிரி. தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே ‘ஸ்’ எழுதுவதால் நமக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது, கை தானாகச் சி அடிக்கிறது. என் முதலாளி சொல்லிக்கொடுத்த குறிப்பு: அட்வைஸ், ப்ராக்டிஸ் இரண்டும் சி எழுத்தோடு முடியும்போது அந்த முடிவில் ‘ஐஸ்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. ஐஸ் ஒரு பொருள், பொருள் என்றால் பெயர். ப்ராக்டிஸில் எழுத்துதான் மாறும், ஒலி இரண்டிலும் பாம்புதான். அதில் மட்டும் அமெரிக்கர்கள் பெயருக்கும் வினைக்கும் சியே எழுதுவார்கள். அவர்கள் மெயிலைப் பார்த்துத் திருத்தப் போய்விடாதீர்கள்.

யூஸ், ஹவுஸ், எக்ஸ்க்யூஸ் மூன்றிலும் எழுத்து மாறாது, ஒலி மட்டும் மாறும். பெயருக்குப் பாம்பு, வினைக்குத் தேனீ. ப்ரூஃப் பெயர், ப்ரூவ் வினை. இதுவும் நம் வீட்டுச் சரக்குதான். கெடு கேடு ஆகும், சுடு சூடு ஆகும், பெறு பேறு ஆகும். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று தமிழ் ஐயா கரும்பலகையில் எழுதிப்போட்டாரே, அதேதான். நாம் முதலில் இருக்கும் குறிலை நெடிலாக்குகிறோம், அவர்கள் கடைசி மெய்யை மாற்றுகிறார்கள்.

பொருளே மாறிவிடும்போது

இதுவரை சொன்னதெல்லாம் தப்பினால் மேனேஜர் கோடு போடுவார், அவ்வளவுதான். பணம் போகிற இடம் இனிமேல்தான்.

‘டவுட்’ என்பதை நாம் கேள்வி என்ற பொருளில் புழங்குகிறோம். “சார், ஒரு டவுட்.” பெயராக இருக்கும்வரை பெரிய சேதமில்லை, “வீ ஹேவ் ஏ டவுட்” என்றால் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள், புரிந்துகொள்வார்கள். அதையே வினையாக்கினால் வம்பு. என்னிடம் படித்த ஒருத்தி, பணம் அனுப்பும் நிபந்தனையில் ஒரு விளக்கம் கேட்க நினைத்து, “வீ டவுட் யுவர் பேமென்ட்” என்று எழுதிவிட்டாள். நீங்கள் பணம் தருவீர்கள் என்று நாங்கள் நம்பவில்லை என்று அதற்குப் பொருள். பையரிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது, கீழே அவருடைய மேலதிகாரிகள் நான்கு பேருக்கு நகல். சமாதானப்படுத்த ஒரு வாரம் ஆனது. கேள்வி என்றால் ‘க்வெஸ்சன்’ என்றே எழுதுங்கள்.

‘டேபிள்’ இன்னொன்று. மேசை என்பது எல்லாருக்கும் தெரியும். வினையானால்? பிரிட்டனில் ஒன்றை ‘டேபிள்’ செய்வது என்றால் விவாதத்துக்கு முன்வைப்பது. நம் நாடாளுமன்றச் செய்திகளில் வருவதும் இந்தப் பொருள்தான். அமெரிக்காவில் நேர் எதிர், இப்போதைக்கு ஒத்திவைப்பது. ஓர் அமெரிக்க பையர் “லெட் அஸ் டேபிள் தி ப்ரைஸ்” என்று எழுதியதைப் பார்த்து, ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து நாற்பது அயிட்டத்துக்கு விலைப்பட்டியல் தயாரித்தோம். மறுநாள் அழைப்பில் அவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் இதே சொல்லில் மோதிக்கொண்டதைச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். நாங்கள் ஒரு ராத்திரித் தூக்கத்தோடு தப்பித்தோம்.

பெயரைத் தெரிந்துகொண்டதால் வினையும் தெரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ‘வாட்டர்’ வினையானால் தண்ணீர் ஊற்றுவது. ‘மில்க்’ வினையானால் பாலை ஊற்றுவதில்லை, கறப்பது. ‘டஸ்ட்’ அலமாரிக்கு என்றால் தூசியைத் துடைப்பது, கேக்குக்கு என்றால் மேலே சர்க்கரைப் பொடியைத் தூவுவது. ‘ஷிப்’ வினையாக வந்தால் கப்பலே வேண்டியதில்லை. “ஷிப் பை ஏர்” என்று நான் அடித்த முதல் நாள், முதலாளி அவசரத்தில் உளறுகிறார் என்று நினைத்து ‘ஏர்’ என்பதை ‘சீ’ என்று மாற்றி அடித்துவிட்டேன். விமானத்தில் போயிருக்க வேண்டிய சாம்பிள். நல்ல வேளை, டெலக்ஸ் போகும் முன் அவர் பார்த்துவிட்டார்.

ஆங்கிலத்தில் எந்தப் பெயரையும் வினையாக்கலாமா என்று கேட்பார்கள். அவர்கள் ஆக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள், அவர்களிலேயே சிலர் முணுமுணுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1789-ல் அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், ‘நோட்டிஸ்’ என்பதை வினையாக்குகிறார்கள் என்று குறைப்பட்டார். இன்று அது யாருக்கும் உறுத்துவதில்லை. ‘கூகுள்’ 2006-லேயே ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில் வினையாக ஏறிவிட்டது. ஆனால் ஊர்க்காரர்கள் வேலி தாண்டுவது வேறு, விருந்தாளி தாண்டுவது வேறு. பையர் “ப்ளீஸ் இன்வாய்ஸ் அஸ்” என்று எழுதிப் பார்த்தால் நீங்களும் இன்வாய்ஸை வினையாக எழுதுங்கள். பார்க்காத எதையும் நீங்களாக வினையாக்க வேண்டாம் என்பது என் கருத்து. குறைந்தபட்சம் விலை பேசி முடியும்வரை.

பயிற்சி வேண்டுமென்றால் புத்தகம் வாங்க வேண்டாம். நீங்கள் கடைசியாக அனுப்பிய பத்து மெயிலை எடுங்கள். ஆர்டர், ரெக்வெஸ்ட், டிலே, சேஞ்ச், செக், அட்வைஸ் வரும் இடத்தில் எல்லாம் கோடு போடுங்கள். பெயர் என்றால் மேலே ‘பெ’, வினை என்றால் ‘வி’. எழுத முடியாமல் பேனா தயங்குகிற இடம் வரும். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த வரியைத் தமிழில் எப்படி நினைத்தீர்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள், ‘பண்ணு’வோ ‘ஆகு’வோ பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும்.

அந்தப் பையன் பத்து மெயிலுக்கும் கோடு போட்டான். இருபத்து மூன்று இடத்தில் தயங்கினான். அதைவிட, ஒருமுறை உடம்பு சரியில்லாதபோது “டுமாரோ ஐ ஆம் லீவிங்” என்று மேனேஜருக்கு அனுப்பியதும், அவர் பதறிப்போய் “சம்பளம் பத்தலையா?” என்று போன் செய்ததும் அன்றுதான் அவனுக்குப் புரிந்தது. லீவ் பெயராக இருந்தால் விடுப்பு, வினையானால் விட்டுப் போவது. “ஆன் லீவ்” என்று எழுதினால் பெயர் என்று சொல்லிக்கொடுத்தேன்.

போன வியாழக்கிழமை அவனிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. “அக்கா, ஐ வில் பி ஆன் லீவ் ஃப்ரம் யுவர் க்ளாஸ் டுமாரோ. ப்ளீஸ் அட்ஜஸ்ட்.”